ஐக்கிய இராச்சியத்தில் மின்சார, எரிவாயு வழங்குநர் மாற்றம்

வழங்குநர் மாற்றம் என்பது, ஒரு வீட்டு நுகர்வோர் தமது மின்சாரத்தையோ எரிவாயுவையோ விற்கும் நிறுவனத்தை விட்டு வேறொரு நிறுவனத்துக்கு மாறுவதைக் குறிக்கும். பெரிய பிரித்தானியாவில் இது பெரும்பாலும் நிலைவிலைத் திட்டம் ஒன்று முடிவடையும் தறுவாயில் நிகழ்கின்றது. மாறும்போது கம்பியோ குழாயோ மாற்றப்படுவதில்லை. வழங்கல் ஒரு நொடியும் தடைப்படுவதில்லை. அதே மின்சாரத்துக்கு விலை குறித்துப் பணம் பெறும் நிறுவனம் மட்டுமே மாறுகின்றது. வட அயர்லாந்தின் சந்தை தனியான ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. அது இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை.

வரலாறு

பிரித்தானியாவில் எரிவாயுத் துறை 1986 இலும், மின்துறை 1990 இலிருந்தும் தனியார்மயமாக்கப்பட்டன. எனினும் வீட்டு நுகர்வோர் தமக்கு விருப்பமான நிறுவனத்தைத் தெரிவு செய்யும் உரிமை பின்னரே வந்தது. எரிவாயுவில் இது 1996 முதல் 1998 வரையும், மின்சாரத்தில் 1998 முதல் 1999 வரையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆஃப்ஜெம் என அழைக்கப்படும் அமைப்பு இச்சந்தையை ஒழுங்குபடுத்துகின்றது.

கட்டண வகைகள்

நிலைவிலைத் திட்டத்தில், பெரும்பாலும் 12 முதல் 24 மாதங்கள் வரை, அலகு விலையும் நாள் கட்டணமும் மாறாதிருக்கும். மாறாதிருப்பது விலையே அன்றி மொத்தப் பட்டியல் தொகை அன்று. கூடுதலாகப் பயன்படுத்தினால் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இடையில் விலகினால் பல திட்டங்களில் வெளியேறு கட்டணம் உண்டு. மாறுவிலைத் திட்டத்துக்கு முடிவுத் தேதியும் இல்லை, வெளியேறு கட்டணமும் இல்லை. நிலைவிலைக் காலம் முடிந்தும் எதையும் தெரிவு செய்யாதவர் பொதுவாக இம்மாறுவிலைத் திட்டத்துக்குத் தாமாகவே மாற்றப்படுவார்.

இந்தத் தானாக மாறும் ஏற்பாடே நீண்டகாலச் சர்ச்சைக்கு மூலமாகும். நிறுவனங்கள் புதியவர்களை மலிவான நிலைவிலையால் ஈர்த்து, காலம் முடிந்ததும் வாளாவிருந்தவர்களிடம் உயர்ந்த மாறுவிலையைப் பெற்று வந்தன. போட்டி, சந்தைகள் ஆணையம் 2016 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு நுகர்வோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இம்மாறுவிலைத் திட்டங்களில் இருந்தனர். நல்ல போட்டி உள்ள சந்தையில் செலுத்தியிருக்கக் கூடியதைவிட, வீட்டு நுகர்வோர் 2012–2015 காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாகச் செலுத்தியதாகவும் அது கணித்தது. குறைந்த வருமானம் உடையோர், வாடகை வீட்டில் இருப்போர், முதியோர் ஆகியோரே மாறாதவர்களுள் மிகுதியாக இருந்தனர். அதாவது, சந்தையின் சலுகை அதன் தேவை குறைந்தவர்களையே பெரிதும் சென்றடைந்தது.

விலை உச்சவரம்பு

2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2019 ஜனவரி 1 முதல் மாறுவிலைத் திட்டங்களுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சராசரி வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,137 பவுண்டு என்பது முதல் அளவு. இத்தொகை அலகு விலைக்கும் நாள் கட்டணத்துக்குமான வரம்பை எளிதாக விளக்கும் எடுத்துக்காட்டு மட்டுமே. ஒரு வீட்டின் பட்டியல் இதற்கு மேல் போகாது எனப் பலர் எண்ணுவது தவறாகும். தொடக்கத்தில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட்ட வரம்பு, 2022 அக்டோபருக்குப் பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றது.

காலம் முடியும்போது விலையை ஒப்பிடுதல்

திட்டம் முடிவதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன் வழங்குநர் நுகர்வோருக்கு அறிவிக்க வேண்டும். இறுதி 49 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறுபவரிடம் வெளியேறு கட்டணம் பெறக்கூடாது.

இக்கட்டத்தில் செய்யப்படும் பொதுவான பிழை, புதிய விலையை முடியப்போகும் பழைய விலையோடு ஒப்பிடுவதாகும். பழைய விலை இனிக் கிடைக்கப் போவதில்லை. எனவே அடுத்து வரவிருக்கும் மாறுவிலையே சரியான அளவுகோல். ஆனால் ஒப்பீட்டுத் தளங்கள் காட்டிய "சேமிப்பு" இதற்கு நேர்மாறான குழப்பத்தையும் ஏற்படுத்தியதுண்டு. ஒருவர் ஆண்டுக்கு 900 பவுண்டு திட்டத்தில் இருக்கிறார், இரண்டு மாதங்கள் எஞ்சியுள்ளன, மாறுவிலை 1,200 பவுண்டு எனக் கொள்வோம். அடுத்த ஓராண்டுக்கான மதிப்பீடு 150 + 1,000 = 1,150 பவுண்டு. 1,050 பவுண்டுக்கான புதிய திட்டம் 100 பவுண்டு சேமிப்பாகக் காட்டப்படும். உண்மையில் அவர் முன்பைவிட ஆண்டுக்கு 150 பவுண்டு கூடுதலாகச் செலுத்துவார். இரண்டு கூற்றுகளும் கணக்கில் சரியே.

நாள் கட்டணமும் முடிவை மாற்றக்கூடும். ஒரு திட்டத்தில் மின் அலகுக்கு 24 பென்சும் நாளுக்கு 60 பென்சும், மற்றொன்றில் 26 பென்சும் 40 பென்சும் எனில், ஆண்டுக்கு 3,650 அலகுகளில் இரண்டும் சமம். அதற்குக் குறைவாகப் பயன்படுத்தும் சிறு வீட்டுக்கு, அலகு விலை கூடிய இரண்டாவது திட்டமே மலிவு. நாள் கட்டணம் 14 மின்பகிர்மான மண்டலங்களுக்கு இடையே வேறுபடுவதால், ஓரிடத்தவரின் பரிந்துரை இன்னோரிடத்தவருக்குப் பொருந்தாமற் போகலாம்.

2021–2023 நெருக்கடி

2021 இன் பிற்பகுதியில் மொத்தவிற்பனை எரிவாயு விலை மிக உயர்ந்தபோது, அதுவரை கூறப்பட்ட அறிவுரை தலைகீழானது. சில்லறை உச்சவரம்பு மொத்த விலையைப் பின்தொடரச் சில மாதங்கள் ஆகும் என்பதால், மாறுவிலையே சந்தையில் மிகக் குறைந்த விலையாயிற்று. நிலைவிலை முடிந்தவர்கள் எதுவும் செய்யாதிருப்பதே சிறந்தது என நுகர்வோர் அமைப்புகள் கூறின. வழங்குநர் மாற்றம் ஏறக்குறைய நின்றுபோனது.

எதிர்கால விலைக்குப் போதிய காப்பு செய்யாமல் மலிவு விலை அளித்திருந்த சிறு நிறுவனங்கள் பல வீழ்ந்தன. அவற்றின் நுகர்வோர் ஆஃப்ஜெம் தெரிவு செய்த வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களது கணக்கிலிருந்த மிகுதிப் பணம் காக்கப்பட்டது. நிலைவிலை மட்டும் காக்கப்படவில்லை. இதற்கான செலவு பின்னர் எல்லா நுகர்வோரின் பட்டியலிலும் ஏற்றப்பட்டது. 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோரைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனம் 2021 நவம்பரில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் வந்து, 2022 டிசம்பரில் ஆக்டோபசு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாகவும், 2022 ஏப்ரலில் 1,971 ஆகவும், 2022 அக்டோபரில் 3,549 ஆகவும் உயர்ந்தது. இறுதியான உயர்வை அரசு தன் செலவில் 2,500 பவுண்டு அளவுக்குக் குறைத்தது. 2023 ஜூலையில் வரம்பு 2,074 பவுண்டாகக் குறைந்த பின்னர் நிலைவிலைத் திட்டங்கள் மெல்ல மீண்டும் சந்தைக்கு வந்தன.

மாறும் முறை

2022 ஜூலை முதல் மாற்றம் ஐந்து வேலைநாட்களில் நிறைவேறும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தை மீளப்பெற 14 நாள் அவகாசம் உண்டு. மாறும் நாளன்று எடுக்கும் மானி அளவீடு முக்கியமானது. பழைய நிறுவனத்தின் இறுதிப் பட்டியலும் புதியதன் தொடக்கக் கணக்கும் அந்த ஒரே எண்ணிலிருந்து வருகின்றன. இறுதிப் பட்டியல் ஆறு வாரங்களுக்குள் வரவேண்டும். மிகுதிப் பணம் அதன்பின் 10 வேலைநாட்களுக்குள் திருப்பித் தரப்பட வேண்டும்.

கடன் உள்ளவர்களுக்கு மாற்றம் தடைப்படலாம். முற்கட்டண மானி வைத்திருப்போர் மட்டும் ஒவ்வோர் எரிபொருளுக்கும் 500 பவுண்டு வரையான கடனைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம்.