லாரியிலிருந்து விழும் தொழிலாளி: கடைக்காரரின் பொறுப்பு எதுவரை?

கோயம்பேடானாலும், திருச்சி காந்தி மார்க்கெட்டானாலும், சேலம் லீ பஜாரானாலும் காட்சி ஒன்றுதான். பொழுது விடிவதற்குள் லாரி காலியாக வேண்டும். கடை திறக்கும்போது சரக்கு உள்ளே இருக்க வேண்டும். லாரியின் தட்டு தரையிலிருந்து சுமார் நாலடி உயரம். மூட்டை அடுக்கினால் பத்தடி, பன்னிரண்டடிகூட ஆகிவிடும். அந்த உச்சியில், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடத்தில், அரை இருட்டில் நின்று நம் சரக்கை இறக்கித் தருகிறவர் சுமைப்பணித் தொழிலாளி. கால் தவறி அவர் விழுந்தால் யார் பொறுப்பு? வணிகப் பெருமக்கள் பலரும் சரிவர அறியாத இவ்விஷயத்தை இங்கு விளக்க விரும்புகிறோம்.

"நம் ஆள் இல்லையே!"

விபத்து நடந்ததும் நம்மில் பலர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். "மேஸ்திரியிடம் மொத்தமாக விட்டுவிட்டோம், ஆள் அவருடையது" என்போம். "தினக்கூலிதானே, நிரந்தர ஆள் இல்லையே" என்போம். சட்டம் இதை ஏற்பதில்லை.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. அதன் விதிகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. மோட்டார் வாகனத்தில் சரக்கு ஏற்றுவோரும் இறக்குவோரும் சட்டத்தின் அட்டவணையிலேயே சொல்லப்பட்டிருக்கிறார்கள். கிடங்கிலும் சந்தையிலும் சரக்கைக் கையாள்வோரும் அப்படியே. தற்காலிக வேலையாளுக்கு இழப்பீடு இல்லை என்றிருந்த விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. நம் வியாபாரத்துக்கான வேலையை மேஸ்திரி மூலம் செய்வித்தாலும், அடிபட்டவர் நம்மிடமே நேராகக் கேட்கலாம். கொடுத்த தொகையை மேஸ்திரியிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அது நமக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

"அவர் கவனக்குறைவாக இருந்தார்" என்பதும் நம்மைக் காப்பாற்றாது. குடித்திருந்தார், சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால் சிறு காயங்களுக்குத் தப்பலாம். மரணம் நேர்ந்தாலோ, முழு ஊனம் ஏற்பட்டாலோ அந்த வாதமும் எடுபடாது.

தொகை எவ்வளவு?

ஓர் உதாரணம் பார்ப்போம். தொழிலாளிக்கு வயது 40. கணக்கில் கொள்ளும் மாதக் கூலி 15,000 ரூபாய். இந்த வயதுக்குச் சட்டம் குறித்துள்ள பெருக்கல் எண் 184.17. முதுகெலும்பு முறிந்து எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர ஊனம் என்றால், கூலியில் 60 சதவீதமான 9,000-ஐ அந்த எண்ணால் பெருக்க வேண்டும்: 16,57,530 ரூபாய். மரணம் என்றால் 50 சதவீதக் கணக்கில் 13,81,275 ரூபாய். வயது குறையக் குறையத் தொகை கூடும்.

சில வாரம் படுக்கை என்றாலும், மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர இயலாதவருக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். மேற்சொன்ன ஆளுக்கு அது 3,750 ரூபாய். இவற்றோடு, சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவும் நம்முடையது.

வெள்ளைத்தாள் கையெழுத்து

ஆஸ்பத்திரி வாசலில் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்வது நம் கடைத்தெரு வழக்கம். இரக்கத்தோடு கொடுப்பவர்களும் உண்டு. பயந்து கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய காகிதம் சட்டப்படி செல்லாது. மரண இழப்பீட்டைக் குடும்பத்தாரின் கையில் நேரில் கொடுத்தாலும் அது இழப்பீடு கொடுத்ததாகக் கருதப்படாது. தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். அவசரச் செலவுக்கு மூன்று மாதக் கூலி அளவு வரை குடும்பத்துக்கு முன்பணம் தரலாம். ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் வட்டியோடு, தொகையில் பாதி வரை அபராதமும் சேரலாம்.

எழுதி வாங்கும் வழக்கத்தில் ஏமாறுவது ஒரு குடும்பம் மட்டுமல்ல. கொடுத்த பணமும் கணக்கில் வராமல், பெரிய தொகை தலைக்கு மேல் நிற்கக் காத்திருக்கும் கடைக்காரரும் ஏமாறுகிறார்.

கடையை மூழ்கடிக்காமலிருக்க

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை ஈ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடும். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அதில் சேர்ந்த தொழிலாளிக்கு வைத்தியத்தையும் உதவித்தொகையையும் ஈ.எஸ்.ஐ.யே பார்த்துக்கொள்ளும். சிறு கடைக்காரர்கள் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்கலாம். லாரிக்காரரின் இன்சூரன்ஸ் நம் ஆளையும் காக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இன்னொன்று: வாகன இன்சூரன்ஸ் தொடர்பான ஒரு வழக்கில், இழப்பீட்டையும் வட்டியையும் கம்பெனி தர வேண்டும், தாமதத்துக்கான அபராதம் முதலாளியையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது. ஆகவே பாலிசி இருந்தாலும் தாமதம் கூடாது.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியமும் உண்டு. நம் கடைக்கு வழக்கமாக வரும் சுமைப்பணியாளர்கள் அதில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் பதிய உதவுங்கள்.

விழாமல் தடுப்பது

* மேலேற ஏணி வைத்துக் கொடுங்கள். டயரிலும் கொக்கியிலும் கால் வைத்து ஏறவிடாதீர்கள்.
* நனைந்த தார்ப்பாய் மேல் யாரும் நிற்கக் கூடாது. கயிற்றைப் பின்னால் சாய்ந்து இழுக்கும்போது அது அறுந்தால் ஆள் மல்லாந்து விழுவார். நைந்த கயிற்றை மாற்றச் சொல்லுங்கள்.
* மூட்டையை மேல்வரிசையிலிருந்தே எடுக்க வேண்டும். அடியிலிருந்து உருவினால் அட்டி சரியும்.
* பின்கதவைத் திறக்குமுன் சுமை அதன்மேல் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
* மேலே ஆள் இருக்கும்போது டிரைவர் வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது. சாவி கடைக்காரர் கையில் இருப்பது நல்லது.
* கடை வாசலில் நல்ல விளக்கு ஒன்று போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே அவரை ஆயுளுக்கும் முடக்கிவிடக்கூடும். அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பிறகு நடந்ததை நேரம், சாட்சிகளோடு எழுதி வைத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தெரிவியுங்கள்.

சரக்குக்கு இன்சூரன்ஸ், கடைக்கு இன்சூரன்ஸ், வண்டிக்கு இன்சூரன்ஸ் என்று கணக்குப் பார்க்கும் நாம், அதைத் தோளில் சுமப்பவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே முறை. அடுத்த முறை மேஸ்திரியோடு இறக்குக்கூலி பேசும்போது, மூட்டைக்கு எவ்வளவு என்பதோடு, ஆள் விழுந்தால் என்ன ஏற்பாடு என்பதையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.