உதைக்கும் கைத்துப்பாக்கி

மோகனூரில் காவிரிக் கரையை நெருங்கும் பரிசலிலிருந்து ஒருவர் அவசரப்பட்டுக் கரைக்குத் தாவினால் என்ன நிகழும்? பரிசல் ஆற்றுப் பக்கமாகப் பின்வாங்கும். நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டாரைப் போட்டதும், தரையில் கிடக்கும் ரப்பர் குழாய் நீர் பீறிடும் வேகத்தில் துள்ளிப் பின்னே தள்ளப்படுவதையும் கண்டிருப்பீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதி இது. துப்பாக்கி சுடுபவரின் கையை உதைப்பதும் இதே விதிதான்.

இவ்விளையாட்டைப் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குகிறார்கள். அதன் குண்டின் நிறை அரை கிராம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். உதை இருப்பதே தெரியாது. அடுத்த படி, 25 மீட்டர் போட்டிக்கான 0.22 அங்குலத் துப்பாக்கி. அதன் குண்டு 2.6 கிராம், வேகம் சுமார் 300 மீட்டர். நிறையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள். உந்தம் பத்து மடங்காகிவிட்டது! 'சென்டர் ஃபயர்' போட்டியில் பலர் கையாளும் 0.32 அங்குலத் தோட்டாவிலோ குண்டு 6.4 கிராம், வேகம் சுமார் 230 மீட்டர். துப்பாக்கியின் நிறை 1.2 கிலோகிராம் என்று கொண்டால், அது பின்வாங்கும் வேகம் முன்னதில் விநாடிக்கு 0.65 மீட்டர், பின்னதில் 1.2 மீட்டர். வேகம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததல்லவா? ஆகவே கை தாங்க வேண்டிய ஆற்றல் மூன்றரை மடங்காகிறது. குழல் மணிக்கட்டுக்கு மேலே இருப்பதால் துப்பாக்கி பின்னே வருவதோடு அதன் முனையும் மேலே எழும்புகிறது.

அப்படியானால் பிடியை இறுக்கி உதையை அடக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் வேடிக்கை. குண்டு 15 செ.மீ. குழலைக் கடக்க விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகிறது. நம் கை எதற்கும் பதில் கொடுக்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். உதையை நாம் உணரும்போது குண்டு இலக்கைத் துளைத்துவிட்டிருக்கும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி ஒரு மில்லிமீட்டருக்குள் நகர்வது உண்மை. பிடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் அந்த நகர்வும் ஒரே மாதிரி இருக்கும். குறிகாட்டியைத் திருத்திச் சரி செய்துகொள்ளலாம். பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். இதில் வலிமையைவிட ஒழுங்கே பெரிது.

உண்மையான பகை, உதையை எதிர்பார்த்து முந்திக்கொள்ளும் கைதான். விசை விடுபடுமுன்பே மணிக்கட்டு கீழே அழுந்துகிறது, கண் மூடுகிறது. சுடுபவருக்கே இது தெரியாது. இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்கள் ஓர் எளிய தந்திரம் செய்வார்கள். அவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கிடையே வெற்றுத் தோட்டா ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். அது வரும் முறை வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் துப்பாக்கி முனை மட்டும் 'டக்'கென்று தாழும்! இந்த அச்சத்தில் பாதி ஓசையால் வருவது என்பேன். காதுமூடி செவியைக் காப்பதோடு கையையும் அமைதிப்படுத்துகிறது.

'ரேப்பிட் ஃபயர்' போட்டியில் 2005-க்கு முன் 0.22 அங்குலக் குட்டைத் தோட்டா வழங்கியது. அதன் உந்தம் இன்றைய தோட்டாவில் ஏறத்தாழ பாதிதான். விதி மாறியதும் உலகெங்கும் தேர்ந்த வீரர்களும் புதிய உதைக்குக் கையைப் பழக்க வேண்டியதாயிற்று. ஐந்து இலக்குகளை 4 விநாடியில் சுட வேண்டிய சுற்றும் அதில் உண்டு. எழும்பிய முனை ஒரு விநாடிக்குள் அடுத்த இலக்குக்கு வந்து நிற்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய் குமார் வெள்ளி வென்றது இப்புதிய விதியின் கீழ்தான்.

சென்டர் ஃபயரில் இவ்வளவு அவசரமில்லை. அதன் இரண்டாம் பகுதியில் இலக்கு 3 விநாடி தோன்றி 7 விநாடி மறையும். ஒரு தோற்றத்துக்கு ஒரே குண்டு. உதை மட்டும் பெரிது. 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜஸ்பால் ராணா இதில் 600-க்கு 590 புள்ளிகள் பெற்று உலக சாதனையைச் சமன் செய்தார். 60 முறை உதை வாங்கிய கை இழந்தது பத்தே புள்ளிகள்!