பிரிவு 28: ஆசிரியர் வாயைக் கட்டிய சட்டம்

ஏழு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்குக் காலமும் இல்லை, இடமும் இல்லை. கணக்குப் பாடத்தின் நடுவிலே, "அவனுக்கு மட்டும் ஏன் இரண்டு அம்மா?" என்று அது கேட்டுவிடும். பிள்ளைக்கு அஃது எளிய வினா. ஆசிரியருக்கோ, விடை சொன்னால் பெற்றோர் என்ன நினைப்பரோ, சொல்லாவிட்டால் பிள்ளை என்ன நினைக்குமோ என்னும் தயக்கம். இந்தத் தயக்கத்தைச் சட்டத்தால் தீர்த்துவிடலாம் என்று எண்ணி, பதினைந்து ஆண்டுகள் சோதித்துப் பார்த்த நாடு பிரிட்டன். அந்நாடு கண்ட பலன் ஆசிரியத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறியத் தக்கது.

சட்டம் பிறந்த கதை

ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் துணையாக விரும்பும் இயல்பைத் தற்பாலீர்ப்பு என்பர். இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் இருவர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என 1967இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் செய்யப்பட்டது. சட்டம் மாறினும் மக்கள் மனம் உடனே மாறிவிடவில்லை. 1980களில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய அச்சமும் பரவியது.

அந்நாளில் ஒரு சிறு புத்தகம் பெரும் புயலைக் கிளப்பிற்று. சூசன் பெஷே என்னும் டென்மார்க்கு எழுத்தாளர் 1981இல் எழுதிய அந்நூல், 'ஜென்னி எரிக்குடனும் மார்ட்டினுடனும் வாழ்கிறாள்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1983இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையோடும் அவருடைய ஆண் துணைவரோடும் கழிக்கும் நாள்களைப் புகைப்படங்களோடு கூறுவது அது. லண்டன் கல்வி அதிகாரிகளின் ஆசிரியர் நிலையத்தில் அதன் படி ஒன்று இருந்தது. ஆனால், பள்ளிப் பிள்ளைகளின் கையிலேயே அது கொடுக்கப்படுகிறது என்னும்படி 1986இல் பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டு நடந்த கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில் பிரதம மந்திரி மார்கரெட் தாட்சரும் இதனைக் குறித்துக் கண்டித்துப் பேசினார். பின்னர், 1988ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு மே 24ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது.

சட்டம் சொன்னதும் ஆசிரியர் கேட்டதும்

ஊராட்சிக் கழகங்கள் தற்பாலீர்ப்பை வேண்டுமென்றே வளர்க்கலாகாது. அத்தகைய உறவைக் குடும்ப உறவாக ஏற்கத்தக்கது என்று பள்ளிகளில் கற்பிப்பதற்கு ஊக்கம் தரலாகாது. இதுவே அப்பிரிவின் சாரம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் கட்டியது ஊராட்சிக் கழகங்களை; ஆசிரியரையன்று. வகுப்பில் இதனை நடுநிலையாகப் பேசுவதற்குத் தடையில்லை என்று அரசாங்கமே 1988இல் சுற்றறிக்கை வாயிலாக விளக்கிற்று. ஆயினும் அந்த விளக்கம் எத்தனை ஆசிரியர் காதில் விழுந்தது? 'வளர்த்தல்' என்பதன் எல்லை யாது? கேட்ட கேள்விக்கு விடை சொல்வது வளர்த்தலா? கேலிக்கு ஆளான பிள்ளையைத் தேற்றுவது வளர்த்தலா? சட்டம் இவற்றுக்கு விடை கூறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆசிரியர் பலர் வாய் திறவாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்தனர்.

இந்தப் பிரிவின்கீழ் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அதன் கேடு தண்டனையில் இல்லை, மௌனத்தில் இருந்தது. விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் இழிசொல் கூறி விரட்டியபோது, தலையிட்டால் பழி வருமோ என்று அஞ்சி ஒதுங்கியதாக ஆசிரியர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். சட்டத்தை இயற்றியவர்கள் பிள்ளைகளைக் காப்பதாகவே நம்பினர். அந்த மௌனத்தில் அடிபட்டவர்களும் பிள்ளைகளே.

ஸ்காட்லாந்து இப்பிரிவை 2000இல் நீக்கியது. இங்கிலாந்தில் அதே ஆண்டு எடுத்த முயற்சியைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. இறுதியில் 2003 நவம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் அது ஒழிந்தது. சட்டத்தைக் கொண்டுவந்த அதே கட்சியின் தலைவராயிருந்த டேவிட் கேமரன், 2009இல் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

பெற்றோர் பக்கத்து நியாயம்

சட்டம் ஒழிந்ததோடு விவாதம் ஒழிந்ததா? இல்லை. 2019இல் பர்மிங்காம் நகரின் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றின் வாயிலில் பெற்றோர் கூடிப் போராடினர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வேற்றுமை பாராட்டாமை பற்றிய பாடங்களில் ஒருபால் இணையர் குடும்பங்களும் இடம்பெற்றதை அவர்கள் எதிர்த்தனர். பிள்ளைகளின் வயதுக்கு இது மிகுதி. எங்கள் சமய ஒழுக்கத்திற்கு மாறானது. எங்களைக் கலந்து பேசவில்லை. இவையே அவர்கள் கூறிய காரணங்கள்.

இவற்றை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. பிள்ளையை முதலில் வளர்ப்பவர் பெற்றோரே. வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாகக் கேட்கும் பிள்ளை குழம்பும் என்னும் கவலை இயல்பானது. ஆனால் அதே வகுப்பில் மற்றொரு பிள்ளையும் அமர்ந்திருக்கிறது. ஒருபால் இணையர் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 இறுதியில் நடப்புக்கு வந்தது. 2014இல் அவர்களின் திருமணமும் சட்டப்படியானதாயிற்று. அக்குடும்பத்துப் பிள்ளை தன் வீட்டைப் படமாக வரைந்து காட்டும்போது, அதனைப் பேசக் கூடாத பொருள் என்று ஆசிரியர் மூடி வைத்தால், அப்பிள்ளை கற்கும் பாடம் யாது? தன் வீடு வெட்கப்படத் தக்கது என்பதன்றோ? 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சமய நம்பிக்கையையும் பாலீர்ப்பையும் ஒருங்கே காக்கிறது. இரு சாராரும் அந்த ஒரே சட்டத்தின் நிழலில் நிற்பவர்களே.

இருவேறு பாடங்கள்

இச்சிக்கலின் முடிச்சு ஓரிடத்தில் இருக்கிறது. உடலுறவைப் பற்றிக் கற்பித்தல் வேறு. குடும்பங்கள் பலவகை என்று சொல்லுதல் வேறு. விவாதம் எழும்போதெல்லாம் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒரு தாயும் ஒரு தந்தையும் உள்ள வீட்டைப் பற்றிப் பேசும்போது பள்ளியறையை எவரும் நினைப்பதில்லை. இரண்டு தாய்மார் உள்ள வீடென்றால் மட்டும் அந்நினைவு வருவானேன்?

இங்கிலாந்து 2020 செப்டம்பரில் நடப்புக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இம்முடிச்சை அவிழ்க்க முயன்றது. குடும்பம், நட்பு, மதிப்புடன் பழகுதல் ஆகியவற்றைக் கூறும் உறவுக் கல்வி தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாயிற்று. அதிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமையில்லை. தொடக்கப் பள்ளி விரும்பிக் கற்பிக்கும் பாலியல் கல்வியிலிருந்து விலக்கிக்கொள்ள உரிமையுண்டு. பாடக் கொள்கையை வகுக்குமுன் பெற்றோரைக் கலந்து பேசுவது பள்ளியின் கடமை. ஆயினும் பாடத்தைத் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இது எல்லாரையும் மகிழ்வித்ததா என்றால் இல்லை. ஆனால், எது எவர் பொறுப்பு என்று ஆசிரியர் அறிந்துகொள்ள ஒரு கோடு கிழிக்கப்பட்டது. பிரிவு 28இல் இல்லாதது அந்தக் கோடே.

சட்டம் எந்நாட்டில் எவ்வாறு இருப்பினும், தெளிவற்ற தடை ஆசிரியரைக் கோழையாக்கும். கலந்து பேசாத பாடம் பெற்றோரைப் பகைவராக்கும் என்பதே பிரிட்டன் கண்ட உண்மை. கேட்ட அளவுக்கு, வயதுக்கேற்ற சொல்லால், உண்மையைச் சுருங்கச் சொல்லுதல் ஆசிரியத் தொழிலின் பழைய திறம். "சில வீடுகளில் அப்படியும் உண்டு; அங்கும் பிள்ளையை அன்பாக வளர்க்கிறார்கள். வா, கணக்கைப் பார்ப்போம்." ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். அது கணக்குக்குத் திரும்பிவிடும். கேலி செய்யப்படுவோமோ என்று அஞ்சியிருந்த பக்கத்து இருக்கைப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.