கம்பி எந்த வாசலில் நிற்கிறது?

1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக்குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்ததாக அறிவித்தது. ஆனாலும் நம் மக்கள் அதில் ஒரு கை நீர் அள்ள 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொதுச்சொத்து என்ற சொல்லை நாம் இப்படித்தான் படித்துப் பழகியிருக்கிறோம். இணைய இணைப்பிலும் நம் கேள்வி அதுவே: கம்பி யாருக்காக வருகிறது, எந்த வாசலில் நிற்கிறது?

அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. 'இ-ரேட்' என்பார்கள். பள்ளியோ நூலகமோ தனக்கு வேண்டிய இணைப்பை அறிவித்து, நிறுவனங்களிடம் விலை கேட்கிறது. கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி. தள்ளுபடித் தொகையை, தொலைபேசி நிறுவனங்களிடமே திரட்டிய ஒரு பொதுநிதி கொடுக்கிறது. (அவர்களோ அதைச் சந்தாதாரர் பில்லில் ஏற்றிவிடுகிறார்கள், அது வேறு கதை.)

தள்ளுபடிக்கு அவர்கள் வைத்த அளவுகோல்தான் நமக்கு முக்கியம்: மதிய உணவு. அங்கே நம் சத்துணவுபோல் எல்லாருக்கும் இலவசம் என்றில்லை, குடும்ப வருமானம் பார்ப்பார்கள். அந்தச் சலுகைக்குத் தகுதியான பிள்ளைகள் 75 விழுக்காட்டைத் தொட்டால், தள்ளுபடி 90 விழுக்காடு. நூலகத்துக்கும் அது இருக்கும் பகுதிப் பள்ளிகளின் கணக்கே. இதனால் அங்கே நிறவெறி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைகளின் பள்ளி முதல் வரிசையில் நின்று கேட்கிறது.

இங்கேயும் பணம் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு 2002 முதல் இதற்கென்றே ஒதுங்குகிறது. 'டிஜிட்டல் பாரத் நிதி' என்பது அதன் இப்போதைய பெயர். 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் ஆன திட்டம் அந்தப் பணத்தில்தான் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகக் கிளம்பியது. அதன் இலக்கு ஊராட்சி. ஊராட்சி அலுவலகம் பல இடங்களில் ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கிருந்து சேரிப் பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அகலக்கற்றை என்றது 2025 ஒன்றிய வரவுசெலவுத் திட்டம். தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல்; அவற்றில் பெரும்பாலானவை தொடக்கப்பள்ளிகள். அந்த அறிவிப்பில் அவை வரவில்லை.

அளவுகோலுக்கு நாம் அலைய வேண்டியதும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் யூடைஸ் படிவத்தில் எழுதுகிறது. அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தள்ளுபடி கொடுங்கள் என்கிறோம். முதல் நாள் பெட்டி மாட்டுவதோடு நிற்காமல், மாதாமாதம் வரும் பில்லையும் அதே நிதி கட்ட வேண்டும். காலனி நூலகத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.