சிடிஜி தாளைப் பார்த்தது யார்?

பிரசவ அறையில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகள் கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கும். மற்றது வலி வருவதையும் விடுவதையும் காட்டும். இரண்டும் ஒரே தாளில் கோடுகளாக ஓடும். அதுதான் சிடிஜி. நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு இயல்பானது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வலியின்போது துடிப்பு சரிகிறதா, சரிந்தால் எவ்வளவு விரைவில் மீள்கிறது என்றும் கவனிக்க வேண்டும்.

இந்தக் கோட்டைக் கணினியே படித்துவிட்டால், களைத்த கண்கள் தவறவிடுவதை அது பிடித்துவிடாதா? நியாயமான எதிர்பார்ப்புதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 24 மருத்துவமனைகளில், 46,000க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். ‘இன்ஃபன்ட்’ எனும் அந்த ஆய்வின் முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பாதிப் பேருக்கு, சிக்கலைக் கண்டால் நிறம் காட்டி எச்சரிக்கும் மென்பொருளும் துணைக்கு இருந்தது. மீதிப் பேருக்கு மருத்துவரும் தாதியும் மட்டுமே கோட்டைப் பார்த்தார்கள். குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது இரு பக்கமும் சுமார் 0.7 விழுக்காடு. மென்பொருளால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் வியப்பில்லை. தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீரில் பச்சை நிறம், முந்தைய சிசேரியன் தழும்பு ஆகியவற்றைக் கோடு சொல்லாது. சில சமயம் பட்டை தாயின் நாடியையே பிடித்துக்கொண்டு, குழந்தையின் துடிப்பைப் போலக் காட்டும். வேறொரு கணினி முறையும் உண்டு: ஆக்ஸ்போர்டில் உருவான ‘டாஸ்-ரெட்மன்’. அது பிரசவ வலி தொடங்குவதற்கு முந்தைய பரிசோதனைக்கானது. வலி வந்தபின் அதை நம்பக் கூடாது. அதில் எல்லாம் சரி என்று வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள்.

பினாங்கில் அரசாங்க மருத்துவமனையோ தனியாரோ, தயங்காமல் கேளுங்கள்: “மிஸ்ஸி, இந்தத் தாளை டாக்டர் பார்த்துட்டாரா? எத்தனை மணிக்கு?” விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சையின் ஆபத்துகளை மருத்துவர் நோயாளிக்கு விளக்கியாக வேண்டும் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது; 2017இல், ஒரு பிரசவ வழக்கிலேயே, அதை மீண்டும் உறுதிப்படுத்தியது.

பாதிப்பு நேர்ந்தால் முதலில் மருத்துவமனையிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சு இருக்கிறது. மருத்துவரின் நடத்தையை மலேசிய மருத்துவ மன்றம் விசாரிக்கும். இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு நீதிமன்றம்தான். எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் கதவைத் தட்டலாம்.

காலக்கெடுவில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அரசாங்க மருத்துவமனை மீது வழக்குப் போட 36 மாதங்கள்தான். தனியார் என்றால் கவனக்குறைவு வழக்குக்கு 6 ஆண்டுகள். குழந்தை வளரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கும் முன்பாக, மருத்துவ அறிக்கையோடு சிடிஜி தாளின் நகலையும் தேதியிட்ட கடிதத்தில் கேளுங்கள். அது பெரும்பாலும் வெப்பத்தில் பதியும் தாள். நாளாக ஆகக் கோடுகள் மங்கிவிடும்.