"டக்!"னு சொன்னா ஏன் சிரிப்பு வருது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டுக்காரரின் பழைய காலேஜ் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். நீங்கள் பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்குள் நுழைகிறீர்கள். டி.வி.யில் ஏதோ எண்பதுகளின் பாட்டு ஒன்று. சரணம் ஆரம்பித்து இரண்டு வரி போயிருக்கும். ஒருவர் விரலைத் தூக்கி, "டக்!" என்கிறார். அவ்வளவுதான். நான்கு பேரும் சோபாவில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"அது... சொன்னா உனக்குப் புரியாது!"

புரியாததற்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்து 60 நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். வெள்ளைத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு பாதியில் நிற்கும். டேப் ரிக்கார்டரின் பட்டன் தானாக 'டக்' என்று மேலே வந்துவிடும். ஹாஸ்டல் அறையில் அந்த நால்வரும் மூன்று வருஷம் அந்தப் பாட்டை அந்த இடம் வரைக்கும்தான் கேட்டார்கள். இன்றைக்கு முழுப் பாட்டும் போனில் கிடைக்கிறது. ஆனால் அவர்கள் காதில் அந்த இடத்தில் இன்னும் 'டக்'தான்.

"சரி, இதில் சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சிரிப்பு ஜோக்கில் இல்லை என்பதுதான் பதில்.

அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் ப்ரோவைன், கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் ஆட்கள் சிரிக்கும் தருணங்களைக் குறித்துக்கொண்டே போனார். சுமார் 1,200 தருணங்கள். அவற்றில் நிஜமாகவே ஜோக் என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்த சிரிப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்", "இவன் வந்துட்டான்யா" மாதிரி சப்பென்ற பேச்சுக்கு வந்த சிரிப்பு. இன்னொன்றும் கண்டுபிடித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு, கூட ஆள் இருக்கும்போது சிரிக்கிறோமாம். அதாவது, நீயும் நானும் ஒரே செட் என்று சொல்லிக்கொள்வதற்குத்தான் பெரும்பாலும் சிரிப்பு. அந்த 'டக்' செய்கிற வேலையும் அதுவேதான்.

பாட்டுக்கு மட்டும் இவ்வளவு ஞாபகசக்தி ஏன்?

போன வாரம் வாங்கிய மளிகை லிஸ்ட் மறந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் கேட்ட பாட்டின் இடையிசை அப்படியே வருகிறது. நாற்பது தாண்டியவர்களிடம் பழைய ஞாபகங்களைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்குமான காலத்திலிருந்துதான் வழக்கத்துக்கு மேல் நிறையச் சொல்கிறார்கள். முதல் காதல், முதல் வேலை, முதல் தடவை ஊரை விட்டு வந்தது எல்லாம் அங்கேதானே இருக்கிறது? பாட்டும் அதோடு ஒட்டிக்கொள்கிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஜனாட்டா 2007-ல் மாணவர்களுக்கு அவர்கள் சின்ன வயசில் வெளிவந்த பாட்டுகளை 30 நொடித் துண்டுகளாகப் போட்டுக் காட்டினார். பத்தில் மூன்று பாட்டுக்கு ஏதாவது ஒரு சொந்த ஞாபகம் கிளம்பியது. 2009-ல் மூளையை ஸ்கேன் செய்தும் பார்த்தார். நெற்றிக்குப் பின்னால், நடுவாக்கில் உள்ள ஒரு பகுதி அப்போது சுறுசுறுப்பாகிறது. பாட்டும், ஆளும், இடமும் அங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்பது அவருடைய கருத்து.

இன்னொரு வேடிக்கை. ஒரு பாட்டு முடிந்ததும், பழைய கேசட்டில் அடுத்து வரும் பாட்டை நம் வாய் தானாக முணுமுணுக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. லிஸ்டில் அடுத்ததாக எழுதியது, அல்லது டேப்பில் மிச்சம் இருந்த இடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக் கொடுத்தது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதையும் சோதித்திருக்கிறார்கள். பழகிய சி.டி.யில் இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் மௌனத்திலேயே, மூளையில் அடுத்த பாட்டுக்கான ஏற்பாடு ஆரம்பித்துவிடுகிறது. ஒரே கேசட்டைக் கேட்டு வளர்ந்த நான்கு பேருக்கு அந்த மௌனத்தில் ஒரே பாட்டு ஓடும். வேறு யாருக்கும் ஓடாது. அந்தக் கடைக்காரருக்கே ஓடுமா என்பது சந்தேகம்!

வியாதி என்று பெயர் வாங்கியது

பழசை நினைத்து ஏங்குவதற்கு ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்கிறார்கள். இந்தப் பெயரை வைத்தது ஒரு மருத்துவ மாணவர். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், 19 வயதான யோஹன்னஸ் ஹோஃபர் என்பவர் தன் ஆய்வுக் கட்டுரையில் இதை ஒரு வியாதியாகவே விவரித்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் செய்த வார்த்தை அது. ஊரை விட்டுப் போய் அந்நியப் படைகளில் சேர்ந்த சுவிஸ் சிப்பாய்களை இந்தச் சீக்கு ரொம்பப் படுத்தியதாம். ஊரில் மாடு மேய்க்கும்போது பாடும் மெட்டு காதில் விழுந்தால் அழுவார்கள், படையை விட்டு ஓடிவிடுவார்கள். அதனால் அந்த மெட்டை வாசிப்பதற்கே மரண தண்டனை என்று தடை போட்டிருந்ததாக, ரூசோ 1768-ல் வெளியிட்ட தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார்.

இப்போது யாரும் இதை வியாதி என்பதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சென்ற இருபது வருஷமாக இதையே ஆராய்கிறார்கள். மனசு சோர்ந்தோ, தனிமையிலோ இருக்கும்போதுதான் பழைய ஞாபகம் அதிகம் வருகிறது. வரும் ஞாபகத்தில் நாம் தனியாக இருப்பது அபூர்வம், கூட யாராவது இருக்கிறார்கள். நினைத்து முடித்தபின், 'நமக்கும் மனுஷங்க இருக்காங்க' என்ற தெம்பு கொஞ்சம் கூடுகிறது. 2008-ல் சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட முடிவும் இதேதான்.

இதோடு சிரிப்பும் சேர்ந்தால்? 2011-ல் ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பார் குழுவினர், கூட்டமாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களுக்கு, அதற்குப் பின் வலி தாங்கும் சக்தி கூடியிருப்பதைக் காட்டினார்கள். 2017-ல் பின்லாந்தில் 12 ஆண்களை அவரவர் நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் சிரிக்கவிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பே தயாரிக்கும் வலிநிவாரணிகள் மூளையில் சுரந்திருந்தன. சின்ன ஆய்வுதான். இதை நம்பி மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

பெரிய கணக்கு ஒன்று உண்டு. 2010-ல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவும் நட்பும் உள்ளவர்கள் ஆய்வுக்காலம் முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உறவு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் சர்க்கரை, பி.பி. பார்க்கிற அக்கறையில் பாதியாவது இதற்கும் காட்டலாமே?

சரி, பஜ்ஜித் தட்டோடு நின்ற உங்கள் கதைக்கு வருவோம். அவருடைய சிநேகிதர்கள் இன்னும் வருகிறார்கள். உங்கள் சிநேகிதிகள் எங்கே? லேடீஸ் ஹாஸ்டலில் உங்களுக்கும் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்திருக்கும். ஒருத்தி தப்பாகக் கேட்டு, தப்பாகவே பாடிய ஒரு வரி, அறைக்கே பட்டப்பெயராக ஆகியிருக்கும். கல்யாணம் ஆனது, ஊர் மாறியது, இனிஷியல் மாறியது, போன் நம்பர் மாறியது. அந்த வரியைச் சொன்னால் சிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். அதில் இரண்டு பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. நம் குடும்பங்களில் ஆணின் நட்பு 'பழக்கம்' என்று ஓடுகிறது. பெண்ணின் நட்பு 'கல்யாணத்துக்கு முன்னாடி' என்று முடிந்துவிடுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. தேடிப் பிடியுங்கள். கிடைத்ததும் "நல்லா இருக்கியாடி, பசங்க என்ன பண்றாங்க?" என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. அந்தத் தப்பான வரியைப் பாடிவிடுங்கள். பாக்கியை அவள் பார்த்துக்கொள்வாள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'உனக்குப் புரியாது' என்று சொல்லாதீர்கள். இரண்டு நிமிஷம் ஆகும், கதையைச் சொல்லுங்கள். 2007-ல் அமெரிக்காவில் 52 ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இருவரும் சேர்ந்து சிரித்த சம்பவங்களை நினைவுகூர்ந்த ஜோடிகள், மற்ற சந்தோஷங்களை நினைவுகூர்ந்த ஜோடிகளைவிடத் தங்கள் உறவில் அதிகத் திருப்தியோடு இருந்தார்களாம். அடுத்த ஞாயிறு "டக்!" என்று சொல்வது உங்கள் மனைவியாகவே இருக்கலாம்.

ஐந்தாறு வருஷம் கழித்து, அந்த நால்வரில் ஒருவர் போய்விடுகிறார் என்று வையுங்கள். சிநேகிதன் செத்தால் நம் ஊரில் தீட்டு கிடையாது, லீவும் கிடையாது. பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களில் அவரும் ஒருவர், அவ்வளவே. "ஃப்ரெண்டுதானே, விடுங்க" என்கிறோம். ஆனால் அவருடைய இளமைக்குச் சாட்சியாக இருந்த ஆள் போயிருக்கிறார். பாட்டு வந்தால் எழுந்து போய் டி.வி.யை நிறுத்துவார். கோபப்படாதீர்கள். துக்கம்தான் அது. மிச்சம் இருக்கும் இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். போனவரைப் பற்றிப் பேசட்டும், அழுதால் அழட்டும், நடுவில் சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஒட்டவில்லை, 'இனிமே என்ன இருக்கு' என்ற பேச்சு வருகிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 2022 முதல் நடக்கும் அரசின் டெலி மனாஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

வீட்டில் ஞாபக மறதி வந்த பெரியவர் இருந்தால், அவருக்கும் பாட்டு உதவும். நெடுநாள் பழகிய பாட்டின் ஞாபகத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளை அல்சைமர் நோய் மற்ற இடங்களைவிடத் தாமதமாகத்தான் பாதிக்கிறது என்று 2015-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. வயசானவர் என்றாலே பக்திப் பாட்டுதான் என்று முடிவு கட்டாதீர்கள். இன்று எண்பது வயதானவருக்கு 1960-களின் நடுவில் இருபது வயது. இலங்கை வானொலியில் அப்போது என்ன கேட்டார் என்று அவருடைய தங்கையையோ, பழைய தெருக்காரரையோ விசாரியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டு, மெதுவான சத்தத்தில். கூட உட்கார்ந்து முகத்தைப் பாருங்கள். கை தாளம் போட்டால் இன்னொரு தடவை போடுங்கள். முகம் கலங்கினால் நிறுத்திவிட்டு, அன்றைக்கு வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.