படம் முழுக்க அவர்கள் இசை. டைட்டிலில் ‘இசை’ என்ற சொல்லே இல்லை!

ஒரு வயலின் கிடையாது. தபேலா, டிரம் எதுவும் கிடையாது. ஆனாலும் முழுநீள ஹாலிவுட் படம் ஒன்றுக்குப் பின்னணி இசை தயார் ஆனது. தயாரித்தவர்கள் புருஷன் - பெண்சாதி இரண்டே பேர்!

படத்தின் பெயர் ‘ஃபர்பிடன் பிளானெட்’. 1956-ல் வந்த கலர் படம். முழுக்க எலெக்ட்ரானிக் இசையோடு வந்த முதல் ஹாலிவுட் படம் அதுதான்.

கல்யாணப் பரிசு

லூயிஸ் பாரன், பீபி பாரன் இருவருக்கும் சொந்த ஊர் அமெரிக்காவில் உள்ள மின்னியாபொலிஸ். 1947-ல் கல்யாணம். பரிசாக ஒரு டேப்ரிக்கார்டர் வந்தது. அந்த நாளில் அங்கேயே அது அபூர்வப் பொருள். நியூயார்க்கில் குடியேறி ஸ்டூடியோ வைத்தார்கள். எழுத்தாளர்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றுப் பார்த்தார்கள்.

அப்போது லூயிஸ் கையில் சிக்கியது, கணித மேதை நார்பர்ட் வீனர் 1948-ல் எழுதிய ‘சைபர்னெட்டிக்ஸ்’ புத்தகம். உயிருள்ள பிராணியும் யந்திரமும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறை ஒன்றுபோலத்தான் என்றது புத்தகம். அப்படியானால் சர்க்யூட்டையும் பிராணி மாதிரி கத்த வைக்கலாமே!

கருகும் வரை

லூயிஸ் வால்வுகளைப் பற்றவைத்து சர்க்யூட் கட்டுவார். தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் கொடுப்பார். அது முனகும், கீச்சிடும், கடைசியில் கருகிச் செத்துப்போகும். செத்ததை மறுபடி பாட வைக்க முடியாது. டேப்பில் பிடித்ததுதான் மிச்சம்.

மணிக்கணக்கான அந்த டேப்பைக் கேட்டு, தேறுவதைப் பொறுக்கி எடுப்பது பீபியின் வேலை. வேகத்தைக் குறைப்பார்கள், தலைகீழாக ஓட்டுவார்கள், வெட்டி ஒட்டுவார்கள். பொறுமைக்குச் சம்பளம் உண்டென்றால் பீபிக்குத்தான் முதலில் தரவேண்டும்!

ஜான் கேஜ் என்ற புதுமை இசைஞரின் ‘வில்லியம்ஸ் மிக்ஸ்’ டேப் இசைக்கும் 1952-ல் உழைத்தார்கள். நாலு நிமிஷச் சொச்சம்தான் ஓடும். முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது!

சங்கத்தின் கவலை

எம்.ஜி.எம். கம்பெனியின் தலைவர் டோர் ஷாரி இவர்களைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் சத்தம் மட்டும் போடத்தான் முதலில் பேச்சு. கேட்டுப் பார்த்ததும் படம் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். படத்தில் பூதம் சாகும்போது கேட்பது, நிஜமாகவே ஒரு சர்க்யூட் சாகும் சத்தம்.

வந்தது வினை. தம்பதிகள் இசைக் கலைஞர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. சங்கம் தகராறு செய்யும் என்று கம்பெனி பயந்தது. சங்கத்தையும் குறை சொல்வதற்கில்லை. வாத்தியமே இல்லாமல் படம் ஓடினால் வாத்தியக்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? ‘இசை’ என்று போடவேண்டிய இடத்தில் ‘எலெக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்’ என்று போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள். ‘எலெக்ட்ரானிக் நாதங்கள்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இசை இல்லை என்றான பிறகு இசைக்கான ஆஸ்கார் ஏது? தந்திரக் காட்சிகளுக்கு மட்டும் அந்தப் படத்தின் பெயர் ஆஸ்கார் போட்டிக்குப் போனது. அடுத்த பெரிய ஹாலிவுட் படம் இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. சின்னப் படங்கள், நாடகம் என்று காலம் ஓடியது.

பட இசையை இவர்களே இசைத்தட்டாகப் போட்டது 1976-ல், அதாவது 20 வருஷம் கழித்து! அதற்கு முன்பே, 1970-ல், விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் சேர்ந்து வேலை செய்வதை விடவில்லை. 1989-ல் லூயிஸ் காலமானார்.

அப்புறம் பீபி பல வருஷம் எதுவும் அமைக்கவில்லை. கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் அழைத்த பிறகுதான், 2000-ல், புது இசை ஒன்றை முடித்தார். அப்போது வயது 75ஐ ஒட்டி. இந்தத் தடவை எந்த சர்க்யூட்டும் கருகவில்லை. வேலை எல்லாம் கம்ப்யூட்டரில். 2008-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் காலமானார்.